லோகநாயகியின் குமட்டல்

ஏரியில் மூழ்கிப்போன குப்பத்து மீனவன் தேவதாஸின் உடல் கடல் முகத்துவாரத்தில் ஒதுங்கியபோது அதற்கு முகம் இல்லை. நண்டும் மீனும் தின்றிருந்தன. குப்பத்தில் ஒரு வாரம் யாரும் மீன் தின்னவில்லை. பிறகு எல்லோரும் தின்றார்கள், லோகநாயகியைத் தவிர.

பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு ஏரித் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். இப்போது கவிச்சி வாடை பட்டாலே வாந்தியெடுத்தாள். சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் என்னவோ வழுக்கியது. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. கணவன் குப்பன் அவளை மனநல ஆலோசகர் ஜெஸ்ஸியிடம் அழைத்துப் போனான்.

ஜெஸ்ஸி ஒரு நோட்டைக் கொடுத்தாள். "குமட்டல் வர்றதுக்கு முன்னாடி மனசுல ஒரு நினைப்பு ஓடும்க்கா. அதைப் பிடிச்சு எழுதுங்க. அது நிஜமான்னு சேர்ந்து பார்க்கலாம்."

முதல் வாரம், 'இந்த மீன் அவனத் தின்னுருக்கும்' என்று எழுதிவந்தாள்.

"அது எங்க பிடிச்ச மீனுக்கா?"

"ஆந்திராவுலேர்ந்து லாரில வந்த கெண்டை."

அந்த நினைப்பு பொய் என்று அவளே ஒப்புக்கொண்டாள். குமட்டல் போகவில்லை.

மூன்றாம் வாரம் நோட்டில் ஒரே வரி. 'நான் நாறுறேன்.'

"ஏன்க்கா அப்படித் தோணுது?"

லோகநாயகி கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். "எறா தடவறப்போ அவன் மொகம் என் கையில பட்ச்சி மேடம். கன்னம் சோப்பு மாறி வழுக்கிச்சி. இன்னாருன்னு தெரிஞ்சிது. சீன்னு காலால தள்ளி வுட்டேன். தண்ணி இஸ்துக்கினு பூட்ச்சி. பறி நெறைய எறா. சொன்னா யாரு வாங்குவா? வாயத் தொறக்கல. மூணு நாள் கழிச்சி ஒதுங்கனான். அவன் பொண்டாட்டி ராஜாத்தி சட்டைய வச்சித்தான் அடையாளம் சொன்னா."

ஜெஸ்ஸி நோட்டை மூடி வைத்தாள். "நீங்க நாறலக்கா. ஆனா தப்பு பண்ணிட்டோம்ன்ற நினைப்பு பொய்யில்ல. அது நோட்டுல எழுதித் தீராது."

மறுநாள் காலை லோகநாயகி ராஜாத்தியின் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப மொகம் இருந்துச்சா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

"இருந்துச்சி."

"கண்ணு?"

"மூடிக்கினு இருந்துச்சி."

ராஜாத்தி காறி அவள் முகத்தில் துப்பினாள். "தூ! கடைசியா ஒரு வாட்டி நான் பாக்க வேணாமாடி அந்த மொகத்த? போ!"

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, லோகநாயகி மோர்ச்சோறு பிசைந்து தின்றாள். அது வயிற்றில் தங்கியது.

மீனை அவள் இன்றுவரை தொடவில்லை. ராஜாத்தி அவளைக் கண்டால் இன்றும் காறித் துப்புகிறாள். ஆனாலும் லோகநாயகி அவள் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவதில்லை.