தீக்குச்சி இல்லாத நூற்றாண்டு

1

இப்போதெல்லாம் யாரும் படித்துவிட்டுப் பரிசு கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டுப் படிக்கிறார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் அதுவும் செய்வதில்லை. சால்வையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கையில் கொடுத்த புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். விருதுநகரில் ஒரு விழாவில் அப்படி மூன்று புத்தகங்களைப் பொறுக்கிவந்தேன். மூன்றுமே சரித்திரக் கதை. மூன்று அட்டையிலும் குதிரை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அந்த நாற்காலியில்தான். ஒரு புத்தகத்துக்குள் ஒரு நோட்டீஸ் இருந்தது. ஓர் அறக்கட்டளை சரித்திரக் கதைக்குப் பரிசு கொடுக்கிறதாம். கதை 1800-க்கு முன்னால் நடக்க வேண்டும். தேறுகிற பத்துக் கதைகளை ஒரே புத்தகமாக அச்சடித்து மாவட்டத்தின் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்புவார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் முப்பத்தெட்டு வருஷம் நின்றேன். 'முதல் தரம்' என்று அச்சடித்த லேபிளைத்தான் எல்லாக் கம்பெனிக்கும் வெட்டிக் கொடுத்தோம். அதனால் அச்சில் வந்ததை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனாலும் 'எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. எனக்கு ஒரு பெயரை அச்சில் ஏற்ற வேண்டியிருந்தது. என் பெயரை அல்ல.

2

முதல் தொடக்கம்:

'குதிரைகளின் குளம்பொலி கேட்டு ஆமத்தூர் திடுக்கிட்டு விழித்தபோது'

அடித்துவிட்டேன். ஆமத்தூரில் நான் பார்த்தது அய்யனார் கோயில் மண்குதிரை மட்டும். அது யாரையும் எழுப்பியதில்லை.

இரண்டாவது தொடக்கம்:

'மன்னரின் பல்லக்குக்கு முன்னால் தீவட்டி பிடித்துச் சென்றவர்களில் ஒருவன்'

இதையும் அடித்தேன். சரித்திரக் கதைகளில் எங்கள் ஆட்களுக்குக் கிடைப்பது தீவட்டி வேலைதான். வெளிச்சம் ராஜா முகத்தில் விழும். பிடிக்கிறவன் மூக்கில் எண்ணெய்ப்புகை ஏறும். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதவா வந்தேன்?)

மூன்றாவது தொடக்கம்:

'1720-ஆம் வருஷம், ஆடி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை. சீனியம்மாள் சித்தியின் டோக்கனை வாங்கிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள்.'

இதை அடிக்கவில்லை. இதுதான் நடந்தது. வருஷத்தை மட்டும் மாற்றியிருந்தேன்.

3

நடந்த வருஷம் 1965. சீனியம்மாள் என் அக்கா. அவளுக்குப் பதிமூன்று வயது, எனக்குப் பத்து. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் வேலை எங்கள் சித்தி மாரித்தாய்க்கு. கட்டை என்றால் மரச்சட்டம். அதில் குச்சிகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். சித்திக்கு இருக்கன்குடியில் முடியிறக்கும் நேர்ச்சை இருந்தது. ஒருநாள் வேலை போகக் கூடாதென்று அக்கா அவள் டோக்கனில், அவள் பெயரில் போனாள்.

மத்தியானம் காயப்போட்ட கட்டைகள் தீப்பிடித்துக்கொண்டன.

சாயங்காலம் சித்தி மொட்டைத்தலையில் சந்தனத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். மறுநாள் பேப்பரில் செத்தவர்கள் என்று ஆறு பெயர் வந்தது. ஐந்தாவது: 'மாரித்தாய், வயது 28.' டீக்கடையில் அதை வாசித்துச் சொன்னார்கள். சித்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதிமூன்று வயசுப் பிள்ளை உள்ளே இருந்தது தெரிந்தால் கேஸ் ஆகிவிடும் என்று ஆபீஸ் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்து பேசினார். செத்தது மாரித்தாய்தான் என்ற தாளில் அப்பா கைநாட்டு வைத்தார். சித்தி அதற்குப் பிறகு நாற்பது வருஷம் பேப்பரில் செத்தவளாகவே இருந்தாள். வருஷாவருஷம் இருக்கன்குடிக்கு நடந்தே போய்வந்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஓட்டுப்போடும் வயசு வரவில்லை. போட்டோ கிடையாது. அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஆதாரம், ஆதாரம் என்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: ஆதாரப்படி செத்தது என் சித்தி.)

4

கதையை அனுப்பி ஒரு வாரத்தில் போன் வந்தது. அறக்கட்டளையில் கதைகளைச் சரிபார்க்கிற பெண். பெயர் கீர்த்திகா.

"ஐயா, கதை அனுப்பிருக்கீகள்ல. ஆயிரத்தி எழுநூத்தி இருவதுல தீப்பெட்டி ஆபீஸ் இருந்துச்சாய்யா?"

"சிவகாசின்னா இருக்கும்ல தாயி."

அவள் சிரித்துவிட்டாள். "தீக்குச்சியே இல்லய்யா அப்ப. உலகத்துலயே கெடையாது. குச்சி வந்தே எரநூறு வருசந்தான் இருக்கும்."

"அப்ப அடுப்ப எப்பிடிப் பத்த வச்சாக?"

"அத நீங்கதானய்யா எழுதணும்? கதை உங்களுது."

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுபது வயசில் எனக்குப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். நூலகத்தில் கேட்டேன். சிக்கிமுக்கிக் கல்லில் தட்டிப் பஞ்சில் பிடிப்பார்களாம். எரிகிற கங்கு ஒன்றைச் சாம்பலுக்குள் புதைத்துவைத்துக் காலையில் ஊதி எடுப்பார்களாம். அதுவும் அணைந்துபோனால் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு இன்னொரு வீட்டில் போய் நெருப்பு வாங்கிவருவார்களாம்.

சரி, அக்காவை நெருப்பு வாங்க அனுப்புவோம் என்று பேனாவை எடுத்தேன். அப்போதுதான் புத்தியில் பட்டது.

தீக்குச்சி இல்லையென்றால் கட்டை இல்லை. கட்டை இல்லையென்றால் ஆபீஸ் இல்லை, டோக்கன் இல்லை. சித்தி இருக்கன்குடிக்குப் போனால் போகட்டும், அவளுக்குப் பதிலாக யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.

1720-இல் என் அக்கா சாகவில்லை.

பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

4 (திரும்பவும்)

புதிய கதை இரண்டே பக்கம்தான். வீட்டில் நெருப்பு அணைந்துபோகிறது. சீனியம்மாள் சிரட்டையோடு மேலத்தெருவுக்குப் போகிறாள்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைக்கு மேலத்தெருவில் யார் கையில் கொடுத்திருப்பார்கள்? கொடுத்திருக்க மாட்டார்கள். வாசலுக்கு வெளியே மண்ணில் ஒரு கங்கைப் போட்டிருப்பார்கள். அப்படியே எழுதினேன். அவள் அதை இரண்டு குச்சியால் எடுத்துச் சிரட்டையில் இட்டு, வழியெல்லாம் ஊதிக்கொண்டே வருகிறாள். ஊதும்போது முகம் சிவப்பாகத் தெரிகிறது. (அவள் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. சிவப்பாக என்பதோடு விட்டுவிட்டேன்.) வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறாள். கஞ்சி கொதிக்கிறது.

அவ்வளவுதான் கதை.

5

தேர்வுக்குழு விருதுநகருக்கு வரச்சொன்னது. குழுவின் தலைவர் சபரிநாதன், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் கீர்த்திகா. விழா நடந்த அதே மண்டபம், அதே நாற்காலிகள்.

"நடை நல்லாருக்கு பெரியவரே," என்றார். "ஆனா கடைசில ஒண்ணும் நடக்கலயே. பொண்ணு நெருப்பு வாங்கிட்டு வருது. அப்புறம்?"

"கஞ்சி காச்சுது."

"அப்புறம்?"

"குடிக்குது."

கீர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு இழப்பு வேணும்யா. சரித்திரம்னா பின்ன என்ன? படை வருது, ஊரக் கொளுத்துது, அந்தக் குடிசையும் போகுது. கையில கங்கோட வந்த பொண்ணு நெருப்புலயே போயிருச்சின்னா படிக்கிறவன் மறப்பானா? அப்படி முடிங்க. மொதப் பரிசுக்கு நானே சொல்றேன். இப்படியே விட்டா பத்துலயும் வராது."

"அவள ஒருக்கா எரிச்சாச்சுங்கய்யா."

அவருக்கு விளங்கவில்லை. கீர்த்திகாவுக்கு விளங்கியது, முதல் கதையைப் படித்தவள் அவள் மட்டும்தான். அவர் டீ குடிக்க எழுந்து போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, அது உங்க வீட்டுப் பிள்ளையா?"

"அக்கா."

"பேர மாத்த நான் விடமாட்டேன்யா. சீனியம்மாள்னே வரும். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும். நீங்க முடிவ மட்டும்..."

"செத்தாத்தான் பேரு போடுவாகளோ?"

"அப்பிடித்தான்யா இருக்கு."

"அன்னைக்கி செத்தும் போடலயே தாயி."

அவள் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் மடியில் வைத்தாள்.

6

இப்போது என் முன்னால் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்றில் அக்கா கஞ்சி குடிக்கிறாள். யாரும் அவளைப் பற்றிப் படிக்கப்போவதில்லை. இன்னொன்றில் அவள் பெயரை ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும். அதற்கு அவள் இன்னொரு தடவை எரிய வேண்டும், இந்தத் தடவை என் கையால்.

(மூன்றாவதும் ஒன்று யோசித்தேன். படை வருகிறது, மழையும் வருகிறது. கேவலமாக இருந்தது. ஆடியில் எங்கள் பக்கம் காற்றுத்தான் வரும்.)

எழுதத் தொடங்கினேன். பெயருக்காகத்தான் எழுதினேன், அதை மறைக்கவில்லை.

'சீனியம்மாள் அடுப்பில் கங்கை இட்டு ஊதிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் சத்தம் கேட்டது. ஒருவன் பந்தத்தை வீசினான். பந்தம் கூரையில்'

அங்கே கை நின்றது.

நம் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கட்டிங் மிஷினில் நிற்கும்போது பாதி வெட்டுப்பட்ட வரிகளைப் படித்துப் படித்து நான் கண்டுபிடித்தது. கடைசிச் சொல் வருகிற வரைக்கும் எதுவும் நடந்ததாகாது. 'பந்தம் கூரையில்' என்று நிறுத்தினால் அது விழுந்ததா, விழாமல் தாண்டிப் போனதா என்று யாரும் சொல்ல முடியாது. பந்தம் மேலேயே நிற்கும். கீழே அக்கா ஊதிக்கொண்டே இருப்பாள்.

புள்ளி வைக்காமல் தாளைக் கீர்த்திகாவிடம் நீட்டினேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஐயா, முடிக்கலயே."

"கடைசி வார்த்தைய நீங்களே போட்டுக்கிடுங்க."

"என்னன்னு போட?"

"படிச்ச பிள்ளைதான நீ."

சபரிநாதன் டீக்கோப்பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். "முடிச்சிட்டீங்களா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். நாற்காலியில் எதையும் விட்டுவிட்டுப் போகிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் என்ன சொல்லைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் இதைத் தனியாக எழுதி இன்னொரு இடத்துக்கு அனுப்புகிறேன். நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் அக்காவின் பெயர் எங்கோ ஒரு தாளில் ஏறிவிட்டது. அந்த வரி மேலேதான் இருக்கிறது. இனி கடைசிச் சொல் உங்கள் கையில். நீங்களும் படை, கூரை, நெருப்பு என்று பார்த்துப் பழகியவர்கள்தான். உங்கள்மேலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

சிவகாசி பஸ் வந்துவிட்டது. நான் வருகிறேன்.