ஆறு பல் காரை

செய்முறைத் தேர்வுக்கு உரிய நோயாளியைத் தேர்வெழுதுபவரே அழைத்து வருதல் வேண்டும் என்பது விதி. அந்நோயாளிக்குக் குறைந்தது ஆறு பற்களிலாவது அழுக்குப் படிந்து கெட்டிப்பட்ட காரை இருத்தல் வேண்டும் என்பது அதற்கடுத்த விதி. இருபத்தோராண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திவிட்டு, அச்சகம் மூடப்பட்டபின், நாற்பத்தேழாம் வயதில் பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்தவள் அவள். இரண்டாவது விதியைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. வீட்டிலேயே கணவர் இருந்தார்.

அவர் தம் வாழ்நாளில் பல் மருத்துவரை ஏறிட்டும் பாராதவர். நாளொன்றுக்கு ஒன்பது தேநீர் குடிப்பவர். சென்ற மாதம் அவரை ஒத்திகைக்கு அழைத்துச் சென்றபோது, பயிற்றுநர் அவருடைய கீழ்ப்பற்களின் பின்புறத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மாணவிகள் அனைவரையும் கூவி அழைத்தார்.

"எல்லாரும் வந்து பாருங்க. இது வாய் இல்ல, சுரங்கம்! அக்கா, சாரைப் பத்திரமா பாத்துக்குங்க. பரீட்சை முடியற வரைக்கும் வேற யாரையும் பல்லுல கை வைக்க விடாதீங்க."

எல்லோரும் சிரித்தனர், அவளும் சிரித்தாள். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவரால் மட்டும் சிரிக்க இயலவில்லை.

போன முறை அவள் வேறொரு நோயாளியின் ஈறுகளைக் கீறித் தோற்றிருந்தாள். ஒருவருக்கு இரண்டு வாய்ப்புகளே உண்டு. இது இரண்டாவது.

தேர்வன்று காலை, பேருந்தில் அவர் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையசைத்தார். இறங்கியதும் தேநீர் வாங்கட்டுமா என்றதற்கும் கையை ஆட்டிவிட்டார். அஞ்சுகிறார் போலும் என்றெண்ணி அவள் அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நான்தானே செய்யப்போறேன், வேத்தாளா? பேசாம படுத்துக்கிட்டா போதும்."

தேர்வறையில் அவர் சாய்வு நாற்காலியில் படுத்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவரான தேர்வாளர் விளக்கைத் தாழ்த்திக் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டார், எடுத்தார், மறுபடியும் விட்டார்.

"அம்மா, இவர்தான் உங்க பேஷன்ட்டா?"

"ஆமா மேடம். என் வீட்டுக்காரர்."

"ஒண்ணுமே இல்லையே. இப்பத்தான் யாரோ கிளீன் பண்ணிவிட்ட மாதிரி இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கீழ்ப்பற்கள் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள்போல் வெளுத்திருந்தன.

"என்னங்க இது?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "முந்தாநாள் எங்க கடைக்குப் பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட போனேன். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்ல? இன்னிக்கு வெளியாளுங்க வேற பாப்பாங்க. இவ புருஷன் வாயைப் பாருன்னு யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதேன்னுதான்... வாயைத் திறந்ததும் நீ அசந்துபோயிடுவேன்னு நெனச்சேன்."

"அசந்துதான் போயிட்டேன். கை வைக்க விடாதீங்கன்னு சொன்னாங்களே!"

"அது கேலின்னுல்ல நெனச்சேன்!"

காரை இருந்தால்தான் தேர்வு என்பதை அவள் அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

தேர்வாளர் கையுறையைக் கழற்றினார். "பத்தரை வரைக்கும் பாக்கறேம்மா. வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

மணி ஒன்பது ஐம்பது. இருவரும் தெருவுக்கு ஓடினர். பேருந்து நிறுத்தத்தில் இருபது பேர் நின்றிருந்தனர். இருபது வாய்களும் மூடியிருந்தன. வாயை மூடிக்கொண்டு நிற்பவரிடம் எதைக் கண்டு, என்னவென்று கேட்பது? ஒருவர் மட்டும் கைப்பேசியில் பேசிச் சிரித்தார். கீழ்வரிசை முழுவதும் தடித்த பழுப்பு விளிம்பு. அவள் அவரிடம் விரைந்தாள்.

"சார், எதிர்லதான் பல் காலேஜ். ரெண்டு மணி நேரம் வந்தீங்கன்னா இலவசமா சுத்தம் பண்ணி விடுவேன். உங்க பல்லுல காரை நெறைய இருக்கு."

அவர் முகம் சுருங்கிற்று. "காலங்காத்தால என் பல்லுதான் கெடச்சுதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார்.

கணவர் தம் பங்குக்கு ஒரு முதியவரை நெருங்கி, "ஐயா, கொஞ்சம் சிரிங்களேன்" என்றார். முதியவர் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு விலகிப்போனார்.

பத்தே முக்காலுக்கு இருவரும் கல்லூரி வாயிலில் இருந்த கல் இருக்கையில் அமர்ந்திருந்தனர். வெள்ளை மேலங்கியை அவள் இன்னும் கழற்றவில்லை.

"காரை மறுபடி சேர எவ்ளோ நாளாகும்?"

"அந்த அளவுக்குன்னா வருஷக்கணக்கா ஆகும். அதோட, மறுபடின்னு ஒண்ணு எனக்குக் கெடையாதுங்க."

"நான் இன்னியிலேருந்து பல்லே வெளக்கப்போறதில்ல."

அவள் அவர் பக்கம் திரும்பி, "வாயைத் திறங்க" என்றாள்.

சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து, வெயில் விழும்படி அவர் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரோ நன்றாகத்தான் செய்திருந்தார்கள். இடப்பக்கக் கடைவாய்ப் பல்லின் உள்மூலையில் அவள் கை நின்றது. எள்ளளவு காரை ஒட்டியிருந்தது.

"இங்க ஒண்ணு விட்டுட்டாங்க."

அவர் கண்கள் விரிந்தன. வாயை மூடாமலே, "ஓதுஆ?" என்று கேட்டார்.

"போதாதுங்க" என்றாள் அவள். கண்ணாடியை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அவரும் வாயை மூடவில்லை.