பதினெட்டு மாசம்

முட்டையின் வெள்ளைக்கரு வாய்க்குள் பதினேழாவது தடவையாக அரைபட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் அதைச் சொன்னாள்.

"அண்ணி, நான் உண்டாயிருக்கேன். காலைல குச்சியில பார்த்தேன். ரெண்டு கோடு."

அவள் மென்றுகொண்டே இருந்தாள். இருபத்தைந்து எண்ணி முடிக்காமல் விழுங்கக் கூடாது. விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், கீழேயும் இறங்காது, மேலேயும் வராது. பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே எதிர் நாற்காலியில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். அழுத முகமாகவும் இல்லை, சந்தோஷ முகமாகவும் இல்லை. தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிட்டு, போய்க்கொண்டிருக்கிற பஸ்ஸைப் பார்க்கிறவளின் முகம். எண்ணிக்கை தவறிப்போயிற்று. இருபதா, இருபத்திரண்டா தெரியவில்லை. விழுங்கிவிட்டாள். கல் உட்கார்ந்துகொண்டது.

"நெஜமாவா?" என்றாள், தண்ணீர் குடிக்க முடியாமல். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர்.

"இன்னொரு குச்சி வாங்கியும் பார்த்துட்டேன். அதுலயும் ரெண்டு."

சலவைக் கூடத்தின் பின்பக்கம், அழுக்கு மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். அவளும் நாத்தனாரும் ஒரே ஷிப்ட், ஒரே மேசை. நாத்தனாரை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் மாசத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிய பிள்ளை என்பதால் வந்த பெயர். அப்புறம் நூற்றெட்டு கிலோ ஆனபோதும் பெயரை யாரும் மாற்றவில்லை. "எங்க வீட்டுக் குட்டி உட்கார்ந்தா பஸ்ஸே ஒரு பக்கம் சாயும்" என்று பஸ் ஓட்டுகிற அண்ணனே சொல்லுவான். குட்டிதான் முதல் ஆளாகச் சிரிப்பாள்.

பெரிய விரிப்புகளை மடிக்க மெஷின் கிடையாது. சூடான ரோலரிலிருந்து வெளியே வரும்போதே ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துப் பின்னால் நகர்ந்து, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவர வேண்டும். இவள் கையிலுள்ள மூலைகளை அவள் வாங்கிக்கொள்வாள். இவள் குனிந்து கீழ் மடிப்பை எடுப்பாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. துணி தரையைத் தொட்டுவிட்டால் முடிந்தது, மறுபடியும் தண்ணிக்குப் போக வேண்டும், சூப்பர்வைசரிடம் வசவும் வாங்க வேண்டும். முன்பெல்லாம் இருவரும் நடந்து வரும்போது கைகள் சேருவதற்குள் வயிறுகள் முட்டிக்கொள்ளும். பக்கத்து மேசைக்காரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது கைகள்தான் முதலில் சேருகின்றன.

எடை குறைக்கிற ஆபரேஷன் பேச்சே அண்ணியான அவளுக்காகத்தான் தொடங்கியது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே அதற்குப் பெரியவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பின்னால் வரப்போகிறவர்களை உத்தேசித்து. அதற்குப் பிறகு இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. பெரியவளுக்கு ஒன்பது வயதாகியும் சின்னவள் என்று யாரும் வரவில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, எடை. எடை குறையட்டும், பிறகு பேசலாம் என்றார் டாக்டர். நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சமயத்தில்தான் குட்டி, "அண்ணி, தனியா போகாதீங்க, எனக்கும் முட்டி வலி உயிர் போகுது, நானும் வரேன்" என்று ஏதோ கடைக்குக் கிளம்புகிற மாதிரி கூடவே வந்து படுத்துக்கொண்டாள். ஒரே நாள், ஒரே டாக்டர், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து அனுப்பினார்கள்.

"பதினெட்டு மாசம்" என்றார் டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது. "அதுக்குள்ள குழந்தை கூடாது. உடம்புல சத்து நிக்கணும்." அவளுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு காலண்டரை ஒட்டி, அந்தப் பதினெட்டாவது மாசத்தைச் சுற்றி வட்டம் போட்டுவைத்தாள். குட்டிக்கு முப்பத்தொன்று. ஏற்கெனவே இரண்டு பையன்கள். காலண்டர் எதுவும் ஒட்டவில்லை. இரண்டு வருஷமாக மாசத் தூரமே வராமல் இருந்ததால், எச்சரிக்கையாக இரு என்று நர்ஸ் சொன்னபோது இவள் காதுக்குள், "கடையே மூடியாச்சு அண்ணி, ஷட்டருக்குப் பூட்டு எதுக்கு?" என்றாள். வெளியே வந்து ரெண்டு பேரும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

குட்டிக்கு மட்டும் எல்லாம் சுலபமாக நடப்பது அப்போதிருந்தே ஆரம்பித்துவிட்டது. இவள் பெரியவளின் பழைய முயல் படம் போட்ட தட்டில் அளந்து வைத்துச் சாப்பிட்டாள். மாத்திரைகளை மணி பார்த்துப் போட்டாள். குட்டி ஞாபகம் வந்தால் போட்டாள். பதினொரு மாதத்தில் இவளுக்கு முப்பத்தொரு கிலோ குறைந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு. இவளுக்குச் சீப்பைத் தொட்டால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. குட்டியின் பின்னல் கயிறு மாதிரி அப்படியே இருந்தது. ஒரு பிறந்தநாளில் இவள் ஒரு ஸ்பூன் கேக் தின்றுவிட்டு, நெஞ்சு படபடத்து வேர்த்து, குளியலறைத் தரையில் அரை மணி நேரம் கிடந்தாள். கதவுக்கு வெளியே குட்டி ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே, "அண்ணி, சோடா எதாச்சும் வேணுமா?" என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் இவள் பொறுத்துக்கொண்டாள். எடை அவளுக்குப் போகட்டும், முடி அவளுக்கு இருக்கட்டும். அந்த ஒன்று மட்டும் தனக்கு என்று நினைத்திருந்தாள். துணைக்கு வந்தவள் அதையும் எடுத்துக்கொண்டாள். அதுவும் கேட்காமலே, தெரியாமலே. அதுதான் தாங்க முடியவில்லை. முக்கால்வாசி வயிறு போன பிறகும் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் இடம் குறையவில்லை.

"அண்ணி, உங்களைத்தான்" என்றாள் குட்டி. "போன தடவை செக்கப்புக்குப் போனப்போ, நடுவுல உண்டாயிட்டா என்ன பண்றதுன்னு அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ்கிட்ட கேட்டீங்களே. நான் வெளிய போன்ல இருந்தேன். அவங்க என்ன சொன்னாங்க?"

கேட்டாள்தான். கேட்டதற்குக் காரணம் இருந்தது. எப்படியாவது ஒரு அனுமதி கிடைக்காதா, பதினெட்டு பதினைந்தாகாதா என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு விசாரித்தாள். நர்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். வேண்டுமென்று அவசரப்படாதீர்கள், தள்ளிப்போடுவதுதான் நல்லது. ஆனால் தப்பித் தவறி உண்டாகிவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. உடனே இங்கே வந்துவிடுங்கள். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம், மாத்திரை மாற்றித் தருவோம், கடைசி வரைக்கும் கூடவே இருப்போம். அப்படி நல்லபடியாகப் பெற்றுக்கொண்டவர்கள் நிறைய பேர். ஒரு வார்த்தை விடாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எத்தனையோ நாள் அதை வைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்.

"கூடாதுன்னாங்க" என்றாள்.

"அவ்ளோதானா?"

"பதினெட்டு மாசம்னா பதினெட்டு மாசம்தான்னாங்க. உடம்புல சத்து இருக்காது. ரெண்டு பேருக்குமே ஆபத்து."

குட்டி தலையை ஆட்டினாள். அவள் எப்போதுமே அப்படித்தான், அண்ணி சொன்னால் சரி. தன் டப்பாவை மூடினாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"பொண்ணா இருக்குமோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு" என்றாள் எழுந்துகொண்டே. "விடுங்க. ரெண்டு தடியனுங்க இருக்கானுங்களே, அது போதும்."

பொய் சொல்லவில்லை என்று அன்று மாலை முழுக்கத் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். தள்ளிப்போடச் சொல்லி நர்ஸ் சொன்னது உண்மை. டாக்டர் பதினெட்டு மாசம் என்றது உண்மை. மிச்சத்தைத்தான் சொல்லவில்லை. சொல்லாதது எப்படிப் பொய்யாகும்? பாத்திரம் தேய்க்கும்போது இந்த வாதம் நன்றாக நின்றது. படுக்கை தட்டும்போது நிற்கவில்லை. இரண்டு தடவை வயிற்றிலிருந்து பறிகொடுத்தவள் அவள். போவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தும், குட்டியின் வயிறு காலியாகிவிடும் என்று நினைத்தபோது உள்ளே ஏதோ ஒன்று இதமாக இறங்கியது. மென்று விழுங்கிய கவளம் தடையில்லாமல் இறங்குகிற மாதிரி. அதைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் இதமாகத்தான் இருந்தது.

மறுநாள் ரோலரடியில் குட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கலைக்கிறதுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, நம்ம தெருமுனை டாக்டரம்மாகிட்ட. இவர்கிட்டயும் சொல்லிட்டேன். உடம்புக்கு ஆகாதுன்னா வேணாம், உன் இஷ்டம்னுட்டாரு. அண்ணனுக்குத் தெரிய வேணாம். நீங்க கூட வரீங்களா?"

"வரேன்" என்றாள். வேறென்ன சொல்வது?

புதன்கிழமை மாலை புருஷன் யூனிபார்ம் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "குட்டி போன் பண்ணா" என்றான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னவாம்?"

"ஒண்ணும் இல்ல. உன் புராணம்தான். அண்ணி மாதிரி ஒழுங்கா இருக்க எனக்குத் தெரியலயேன்னு ஒரே பொலம்பல். அண்ணி இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்கிறா. நீ என்ன மருந்து வெச்ச அவளுக்கு?"

"ரெண்டு வயித்தையும் ஒரே கத்தியால வெட்டினாங்கல்ல, அந்தப் பாசம்" என்றாள். அவன் சிரித்தான். பெரியவளும் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். அவள் துணியை மடித்துவைக்கிற சாக்கில் பீரோவைத் திறந்தாள். காலண்டரில் வட்டம் போட்ட மாசத்துக்கு இன்னும் ஏழு மாசம் இருந்தது. அது வந்துவிட்டால் மட்டும் வயிற்றில் தங்குமா என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. குட்டி பெற்றுக்கொண்டாலும் கலைத்துக்கொண்டாலும் அந்த ஏழு மாசத்தில் ஒரு நாள் கூடக் குறையப்போவதில்லை. இந்தக் கணக்கு பெரியவளுக்குக்கூடப் புரியும். கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி விரிப்புகள் நிறைய வந்திருந்தன. ரோலர் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பிக்கொண்டிருந்தது. குட்டியின் முகம் வெளிறியிருந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை பாத்ரூமுக்கு ஓடிப் போய் வந்திருந்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று இவள் கேட்டாள். "பத்து" என்றாள் குட்டி. "சாப்பிடாம வரச் சொன்னாங்க. நமக்கு அது ஒரு விஷயமா!" என்று சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நிற்க, அவள் ஒரு கையிலிருந்த மூலையை விட்டுவிட்டு, அந்தக் கையை அடிவயிற்றில் ஒரு நொடி வைத்துவிட்டு எடுத்தாள். அவளுக்கே தெரியாமல் வைத்த கை. சட்டென்று மூலையைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள். துணி தரையில் படவில்லை.

இருவரும் பின்னால் நகர்ந்து விரிப்பை விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடித்துப் பிடித்தார்கள். நடுவில் வெள்ளையாக, சூடாக அது நீண்டிருந்தது.

"அந்த நர்ஸ் இன்னொண்ணும் சொன்னாங்க" என்றாள் அவள்.

"எந்த நர்ஸ்?"

"கண்ணாடி போட்டவங்க. தப்பித் தவறி உண்டாயிட்டா பயப்பட வேணாம்னாங்க. உடனே வரச் சொன்னாங்க. ரத்தம் பார்த்து, மாத்திரை மாத்தி, கூடவே இருப்பாங்களாம். நல்லபடியா பெத்துக்கிட்டவங்க நிறைய பேராம்."

குட்டி அசையவில்லை. நீராவிச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று இவள் நினைத்தாள். விழுந்திருந்தது.

"எப்ப சொன்னாங்க?"

"அன்னைக்கேதான்."

"அப்ப, திங்கக்கெழமை நான் கேட்டப்போ..."

"தெரியும்."

"மறந்துட்டீங்களா?"

குட்டியே வழி விட்டுக் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலையாட்டிவிடுவாள். அண்ணி சொன்னால் சரி.

"மறக்கல" என்றாள்.

ஏன் என்று குட்டி கேட்கவில்லை. முப்பத்தெட்டு கிலோ குறைந்த பிறகு அவள் கண்கள் பெரிதாகியிருந்தன. அந்தக் கண்களால் இவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். உதிர்ந்து மெலிந்த முடி, தோள்பட்டையில் தொங்கிய சட்டை, வயிறு. வயிற்றில் கொஞ்சம் நேரம் நின்றது அந்தப் பார்வை. சொல்லிவிட்டால் எரிச்சல் அடங்கிவிடும் என்று இவள் எங்கோ நம்பியிருந்தாள். அடங்கவில்லை. இந்த வெளிறிய முகம், இந்த வாந்தி, அறியாமல் வயிற்றுக்குப் போகிற அந்தக் கை, எல்லாமே இன்னமும் இவளுக்கு வேண்டியிருந்தன.

அவர்களுக்குப் பின்னால் ரோலரிலிருந்து அடுத்த விரிப்பு வெளியே வந்து மேசையில் சுருண்டு விழுந்தது. அதன்மேல் இன்னொன்று.

"என்ன அங்க? ரெண்டு பேரும் போட்டோவுக்கா நிக்கிறீங்க?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

அடுத்து நடந்து வர வேண்டும். அவள் வழக்கம்போல முன்னால் ஒரு அடி வைத்தாள். குட்டி வரவில்லை. விரிப்பின் நடு தொய்ந்து தரையை நோக்கி இறங்கியது. ஒரு சாண், அரைச் சாண். அவள் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலும் இரண்டு கைகள் இழுத்துப் பிடித்தன. துணி மறுபடியும் விறைத்து மேலே எழும்பியது. ஆளுக்கு இரண்டு மூலையாக, அது தரையில் படாமல் இருவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.