அட்டை இஞ்சின்

இஞ்சினுக்கு இடுப்பளவு எடுத்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தையல்காரியான அவளுடைய அளவு நோட்டில், ஒரு டீச்சரம்மாவின் சட்டைக்கும் இரட்டைப் பிள்ளைகளின் சீருடைக்கும் நடுவே அந்தப் பக்கம் இருக்கிறது. உயரம், தோள், இடுப்பு என்று அச்சடித்த கட்டங்களில் இஞ்சினின் அளவுகள். கீழே அப்பா கைப்பட எழுதிய பட்டியல்: கியர்பாக்ஸோடு சேர்க்க இரும்புத் தட்டு, தாங்கு ரப்பர் நாலு, ரேடியேட்டர், புகைக்குழாய் வளைவு, வயர்க் கட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிள். முதல் மூன்று வரிகள் நேராக இருக்கும். அதன் பிறகு எழுத்து கீழே சரியத் தொடங்கும். அவர் கண் அப்போதே போய்க்கொண்டிருந்தது.

அப்பாவை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடம் ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டியவர். அந்த வீட்டுக் கார்கள் எல்லாம் அவர் கைபட்டு ஓடியவை, ஒன்றைத் தவிர. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. குனிந்து ஏறி, தவழ்ந்து இறங்க வேண்டும். அதை முதலாளி மட்டும்தான் தொடுவார். டிரைவருக்கு வாரம் ஒருமுறை கழுவித் துடைக்கிற பாக்கியம் உண்டு. அவ்வளவுதான்.

முதலாளி கடல் தாண்டி மகனோடு இருக்கப் போனபோது அந்தக் காரின் சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "நீயே வெச்சுக்கப்பா" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். பார்த்திருந்தால், மாட்டுக்கு இதயமே இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். வெகுநாள் சும்மா நின்றதில் இஞ்சின் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அந்த மாதிரி இஞ்சின் இப்போது எவரும் செய்வதில்லை. வேறு காரின் இஞ்சினை வாங்கி உள்ளே இறக்க வேண்டும். அப்பா அதற்காகப் பொறுமையாகப் படம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் கண் டாக்டர் அந்தக் குண்டைப் போட்டார்.

"பார்வை ஓரத்திலேர்ந்து சுருங்கிட்டே வரும். ஆறு மாசம். மிஞ்சிப் போனா ஏழு."

வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஆறு மாசத்துல இஞ்சின் மாத்த முடியுமா?" என்பதுதான். ரோட்டில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையை அந்தப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டார். மூடிக் கிடந்த ஆலைக்குப் பின்னால் பெரிய மைதானம் இருந்தது. அங்கே ஒரே ஒரு சுற்று. முப்பத்தொரு வருடம் துடைத்த வண்டியைத் தன் கையால் ஒரே ஒரு தடவை. மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

வேலையை ஏற்றுக்கொண்டவர் அப்பாவின் பழைய சிநேகிதரான மெக்கானிக். நகக்கண்ணில் கறுப்பு போகவே போகாததால் அவருக்குப் பெயர் கிரீஸ். பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் தோதான இஞ்சினை அவர்தான் கண்டுபிடித்தார். கிடங்குக்காரன் மூன்று நாள் மட்டும் பிடித்து வைப்பதாகவும், எடுத்துப் போனால் திரும்ப வாங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான்.

"அட்டையில ஒண்ணு செஞ்சு இறக்கிப் பாத்துடலாம். அதான் எங்க வழக்கம்," என்றார் கிரீஸ். "அட்டை போனா இரும்பும் போகும்."

"அட்டை வெட்டறதுக்கு நம்ம வீட்ல ஆளா இல்ல?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அத்தனை பெருமை. அவள் தைத்த துணி ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்பதை ஊருக்கே சொல்லித் திரிந்தவர் அவர்.

கிடங்கில் கிரீஸ் இஞ்சின் மேல் தாள்களை அழுத்திப் பிடிக்க, அவள் நோட்டில் அளவு குறித்துக்கொண்டு, சுற்றி வரைந்தாள். அளவுச் சட்டையிலிருந்து வெட்டுத்தாள் எடுப்பது போலத்தான். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, தாளை மேலே விரித்து, கைப்பிடி வைத்த பல் சக்கரத்தைக் கோட்டின் மேல் உருட்டினாள். அட்டையில் பொடிப் பொடிப் புள்ளிகள் விழுந்தன. பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். விடிந்தால் மூன்றாவது நாள். யோசிக்க நேரமில்லை, கை பாட்டுக்கு ஓடியது. இருபது வருடமாக ஓடுகிற கை.

மறுநாள், பழைய இஞ்சினைக் கழற்றியிருந்த காலிப் பானெட்டுக்குள் அந்த அட்டை இஞ்சினை இறக்கினார்கள். ஒரு பக்கம் தகரத்தோடு ஒட்டி வைத்தாலும் மறுபக்கம் ஸ்டியரிங் தண்டில் இடித்தது.

"முக்கால் இஞ்ச் இடிக்குது," என்றாள் அவள்.

கிரீஸ் தலையைச் சொறிந்தார். "இடிக்கக் கூடாதே. நான் கையை வெச்சுப் பாத்தேன். ரெண்டு சாண் நாலு விரல். கால் இஞ்ச் மிஞ்சணும். அட்டையை இன்னொரு தடவை அளந்துடலாமா?"

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தனை வருஷம் இஞ்சினோட குடும்பம் நடத்தியிருக்கே, இன்னும் சாண் கணக்கா? என் பொண்ணு கத்தரி பொய் சொல்லாதுடா. உன் கைதான் பொய் சொல்லுது."

உண்மையைச் சொன்னால், அவளுக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கிரீஸ் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். ஒருவேளை தன் கைக்கும் வயசாகிவிட்டதோ என்று அவர் விரல்களை விரித்துப் பார்த்தபடியே போனதை அவள் பார்த்தாள்.

கிடங்கு இஞ்சின் அன்று மாலையே வேறு யாருக்கோ போய்விட்டது. இன்னொன்று வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வந்ததெல்லாம் பெரியது, இல்லையென்றால் பிணம். அப்பாவின் பார்வை முதலில் ஜன்னல் அளவு ஆனது, பிறகு சாவித் துவாரம் ஆனது, ஏழாம் மாதம் ஒரு நாள் காலையில் அதுவும் அடைத்துக்கொண்டது. கிரீஸ் வருவது குறைந்து, நின்றே போனது. ஒரு முறை தெருவில் அவளைப் பார்த்தபோது, "நல்லா அளந்திருக்கலாம்மா நான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"கண் கெட்ட பிறகு எதுக்கு இந்தச் சூரிய நமஸ்காரம்?" என்று அப்பாவே சிரித்துக்கொண்டு, காரை விற்கச் சொல்லிவிட்டார். வாங்குகிறவர் நாளைக்கு வருவதாக இருந்தது. இன்று பகலில் இருவரும் ஷெட்டைச் சுத்தம் செய்தார்கள். அவள் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கொடுக்க, அவர் தடவிப் பார்த்து, "வேணும்," "வேணாம்" என்று பிரித்தார். மூலையில் அட்டை இஞ்சின் கிடந்தது. அதையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் விரல்கள் ஓரத்தில் ஓடின. நின்றன. மறுபடி ஓடின.

"இது என்னம்மா, ஓரத்துலேர்ந்து உள்ள தள்ளி, புள்ளி புள்ளியா?"

"தாள்லேர்ந்து கோடு எடுக்கச் சக்கரம் உருட்டினேன்ப்பா. அந்தக் கோட்டுல..."

அவள் குனிந்து அட்டையின் ஓரத்தைப் பார்த்தாள். அந்தக் கோட்டில்தான் வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் விட்டு வெட்டியிருந்தாள். சட்டையோ பாவாடையோ, தைப்பதற்கென்று சுற்றிலும் அரை இஞ்ச் துணி விட்டுத்தான் இருபது வருடமாக அவள் வெட்டுகிறாள். அட்டையைத் தைக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறார்கள். அது அப்பாவின் கடைசி ஆசையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

பொய் சொல்லியிருக்கலாம். கண் தெரியாதவரிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்! அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"தையலுக்கு விடுவேன்ல... அந்த மாதிரி விட்டுட்டேன்ப்பா."

"எவ்வளவு?"

"அரை இஞ்ச்."

"ரெண்டு பக்கமுமா?"

"சுத்தி."

அவர் உதடு அசைந்தது. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. ஒன்றில் முக்கால் போனால் மிச்சம் கால். கிரீஸ் சொன்ன அதே கால் இஞ்ச்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழத்தான் பார்த்தாள், முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "பரவாயில்லம்மா" என்று சொல்லியிருந்தாலும் எப்படியோ தாங்கியிருப்பாள். அவர் இரண்டும் செய்யவில்லை. வெகுநேரம் புள்ளிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

"கத்தரி எடுத்துட்டு வா," என்றார் கடைசியில். "கோட்டு மேல வெட்டு."

வெட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, புள்ளிகளை மட்டும் பார்த்து வெட்டி, மறுபடி டேப் ஒட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே போய், தானே பானெட்டுக்குள் இறக்கினார். எங்கேயும் இடிக்கவில்லை. அடியில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. ஸ்டியரிங் தண்டுக்கும் அட்டைக்கும் நடுவே அவர் சுண்டுவிரல் நுனியை நுழைத்துப் பார்த்தார்.

"கிரீஸுக்கு ஃபோன் போடு."

போட்டுக் கொடுத்தாள்.

"நான்தான்டா, டிரைவர். நீ சொன்னதுதான் சரி. இப்ப இறக்கிப் பாத்தோம், உக்காந்துடுச்சு... ஆமா, எங்க தப்புதான். உன் கை பொய் சொல்லல." அவர் நிறுத்தி, மறுமுனையில் பேசியதைக் கேட்டார். "இல்லடா, திட்டல. அவளை எப்படிடா திட்டுவேன்? அளக்கவேணாம்னு சொன்னவன் நான்தானே."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைத் தேடித் திறந்தார். குனிந்து ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இந்தக் காருக்குள் அவர் ஏறி அவள் பார்த்ததே இல்லை. இஞ்சின் வரட்டும், வந்த பிறகுதான் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தவர் அவர்.

இடது கால் கிளட்சை மிதித்தது. கை கியரைப் போட்டது. ஒன்று. கொஞ்ச தூரம் போகிற நேரம் காத்திருந்து, இரண்டு. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, எதையோ கேட்கிறவர் மாதிரி. ஆலை மைதானத்தின் திருப்பம் வந்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கைச் சுற்றினார். ஓடாத வண்டியில் அது கனமாகத்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் சுற்றினார்.

அவள் வண்டிக்கு முன்னால் நின்றாள். வெட்டி எடுத்த அரை இஞ்ச் அட்டைத் துண்டுகள் கையில் இருந்தன. அவர் மூன்றாவது கியருக்கு வந்தபோது, அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும், அவள் வழியை விட்டு விலகி நின்றாள்.