நெல்லுக்கு ஒதுங்கும் லாரி

நெல்லுக்கு ஒதுங்குகிற லாரி பிள்ளைக்கு ஒதுங்காது. இதை மரகதம் கண்ணாரக் கண்டது தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில்.

சொர்ணவாரிப் பட்டத்துப் பயிரை அறுத்து அடித்து, எல்லோரையும்போல அவளும் நெல்லைக் கொண்டுபோய் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற தார் ரோட்டில் காயப் போட்டிருந்தாள். ரோட்டில் பாதியை அடைத்து நெல், அதைச் சுற்றி வரிசையாகக் கல். குவாரி லாரிகள் ஜல்லி ஏற்றிக்கொண்டு பேய் பிடித்த மாதிரி வந்தன. வந்த ஒவ்வொன்றும் கல்லைக் கண்டதும் பிரேக் போட்டு, நெல்லை விட்டு ஒதுங்கி, பூனைபோல நகர்ந்து போயிற்று. கொள்ளுச் செடியைப் போட்டால் அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள், அது செடி. நெல்மணி மேல் மட்டும் சக்கரம் படாது. டீக்கடையில் நின்ற டிரைவர் ஒருவனிடம், இத்தனை மரியாதை எதற்கு என்று அவள் கேட்டாள். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அது சோறும்மா. சோத்து மேல ஏத்துனா நான் வெளங்குவேனா?"

நல்லவன்தான். போன பங்குனியில் இதே ரோட்டில், ஏரிக்கரை வளைவில், பக்கத்து வீட்டு முனியம்மாளின் மகள் ரத்னா குரங்கு பெடல் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்படி ஒரு நல்லவன்தான் அவளை உரசித் தள்ளிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நெல்லுக்கு இருக்கிற மரியாதை பெற்ற பிள்ளைக்கு இல்லையா!

ரத்னாவின் காலுக்காக ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்காருக்கு மனசு இரங்கியது. பிள்ளைகள் பயமில்லாமல் நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்கூடம் போக மானியம் ஒதுக்கினார்கள். ஏரிக்கரை வளைவில் ரோட்டை ஒட்டி மேடாகக் கிராவல் பாதை, முன்னும் பின்னும் வேகத்தடை என்பது திட்டம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! வேலையைக் கான்டிராக்ட் எடுத்தவன் நாகப்பன். அந்த ரோட்டில் பறக்கிற ஜல்லி லாரிகளில் பாதி அவனுடையது. திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். வந்த கிராவலைத் தன் லாரிக் கொட்டகை வாசலில் கொட்டி நிரவிக்கொண்டான். வளைவில் ஒரு மஞ்சள் பலகை மட்டும் நட்டான். 'மாணவர் பாதுகாப்பு நடைபாதை' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு பிள்ளை கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் காட்டாமணக்கு மண்டிய பள்ளம்.

மரகதத்தின் மகள் கலைமதி எட்டாவது படித்தாள். மரகதத்தின் புருஷன் திருமலை கெட்டவன் இல்லை, பயந்தவன். ரத்னாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவனும் ஒருவன்.

"படிச்ச பொண்ணு வேணாம்மே எனக்கு. ரெண்டு காலு கீற பொண்ணு போதும்," என்றான். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் தவணை கொடுத்திருந்தான். அதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு.

டீக்கடையிலிருந்து திரும்பிய மரகதம் காய்ந்துகொண்டிருந்த நெல்லை அள்ளினாள். கூடை கூடையாகச் சுமந்துபோய் வளைவில், ரோட்டின் ஓரத்தில், ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு நீளமாகப் பரப்பினாள். கல்லை வைத்தாள். ஒருத்தி நெல் எவ்வளவு தூரம் வரும்? முனியம்மாள் தன் கூலி நெல்லைக் கொண்டுவந்து கொட்டினாள். மற்ற பெண்களும் இவளுக்குப் பைத்தியம் என்று ஏசிக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் மூட்டையோடு வந்தார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து போனார்கள். நெல்லைக் கிளறிவிடுகிற வேலையும் மிச்சமாயிற்று. லாரிகள் எட்டப் போயின. திருமலை புளியமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு கழனிக்குப் போய்விட்டான்.

அந்த நிம்மதி நாலு நாள்கூட நிலைக்கவில்லை. மானியத்தில் நடந்த வேலையைப் பார்வையிட மேலிடத்து ஆபீசர் வருகிறார் என்று சேதி வந்தது. நாகப்பன் ஆட்களோடு வளைவுக்கு வந்தான். கல் வரிசையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. உள்ளே இருக்கிற நெல்லை அள்ளிவிட்டுக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தால் நடைபாதை தயார்! மரகதத்திடம் தேனொழுகப் பேசினான். கல் அங்கேயே இருக்கட்டும், பிள்ளைகளுக்குத்தானே நல்லது என்றான். நெல் இல்லாத கல்லுக்கு எந்த லாரி ஒதுங்கும் என்று அவள் கேட்டாள். அவன் ஆட்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், அவர்கள் கையில் துடைப்பம் இருந்தது. பெண்கள் கத்தக் கத்த, நெல்லைப் பெருக்கிப் புளியமரத்தடியில் குவித்துவிட்டுக் கல்லை வெள்ளையடித்தார்கள்.

சாயங்காலம் ஆபீசர் ஜீப்பில் வந்தார். வெள்ளைக் கல்லைப் பார்த்தார், மஞ்சள் பலகையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். மரகதம் கிட்டே போய் நடந்ததைச் சொல்லப் பார்த்தாள். நாகப்பன் குறுக்கே விழுந்து, இது நெல் காயப்போட இடம் கேட்டுத் தகராறு பண்ணுகிற பொம்பளை என்று சொல்லிச் சிரித்தான். ஆபீசரும் சிரித்தார்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கல்லுக்குள்ளே வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரகடம் பக்கமிருந்து நாகப்பனின் லாரி ஒன்று வளைவில் திரும்பியது. ரோட்டில் ஜீப் நிற்பதைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கியது. ஒதுங்கிய வேகத்தில் வெள்ளைக் கல்லைத் தெறிக்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் நடுவே புகுந்தது. கலைமதி தனக்கு முன்னால் போன சின்னப் பெண்ணை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தாள். மற்றவர்கள் அலறிக்கொண்டு சிதறித் தப்பினார்கள். லாரி நிற்கவே இல்லை. காட்டாமணக்கை விலக்கிக்கொண்டு கலைமதி எழுந்தாள். முழங்கையெல்லாம் ரத்தம். மரகதம் முதலில் பார்த்தது அவள் காலைத்தான். இரண்டும் இருந்தன.

ஆபீசரின் முகம் வெளுத்துவிட்டது. டிரைவரின் கவனக்குறைவு, நடவடிக்கை எடுக்கச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

மரகதம் அழவில்லை. அழுகிற நேரமா அது? புளியமரத்தடிக்கு ஓடிக் கூடை நிறைய நெல்லை வாரிக்கொண்டு வந்தாள். ஜீப்புக்கு முன்னால், ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கொட்டினாள். முனியம்மாள் கொட்டினாள். எல்லாப் பெண்களும் கொட்டினார்கள். ரோடு முழுக்க நெல்லாயிற்று.

ஆபீசர் வண்டியை எடுக்கச் சொன்னார். ஜீப் டிரைவர் சாவியை உருவிக்கொண்டு, "நெல்லு சார்," என்று மட்டும் சொன்னான். எதிர்ப்பக்கம் ஜல்லி லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. முன்னால் நின்றது நாகப்பனுடையது. ஏற்றிக்கொண்டு வா என்று அவன் கத்தினான். அந்த டிரைவரும் இறங்கிவிட்டான். நாகப்பனும் ஒரு காலத்தில் டிரைவர்தான். தானே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். முன்சக்கரம் நெல்லின் ஓரம் வரைக்கும் உருண்டு வந்தது.

மரகதம் குறுக்கே நிற்கவில்லை. ஓரமாக நின்று சொன்னாள்.

"ஏத்துய்யா நாகப்பா. புள்ளைங்க மேல ஏத்துன வண்டிங்கதான உன்து. நெல்லு மேல ஏத்து, பாக்கலாம்."

எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நாகப்பன் இறங்கினான். இறங்கும்போதுகூட நெல்லை மிதிக்காமல் காலைத் தள்ளி வைத்தான், பாவி.

இதை எப்போது அள்ளுவீர்கள் என்று ஆபீசர் கேட்டார். காய்ந்ததும் அள்ளிவிடுகிறோம் என்றாள் மரகதம். சூரியன் அப்போது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஆபீசர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நெல்லைத் தாண்டி, வரிசையாக நின்ற லாரிகளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, ஒரகடம் வரைக்கும் நடந்தார்.

ஆபீசர் போட்ட உத்தரவில் அந்த வாரமே நாகப்பனின் லாரிகள் கொட்டகை வாசலில் கிடந்த கிராவலை அள்ளிக்கொண்டு வந்து வளைவில் கொட்டின. பாதை மேடாயிற்று, வேகத்தடையும் வந்தது. கலைமதி காலாண்டுப் பரீட்சைக்கு அதன்மேல்தான் போனாள். திருமலை படிப்பை நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை. ஊர் மரகதத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவளுக்கு ஆத்திரம்தான் ஆறவில்லை. பிள்ளைகள் ரோட்டில் சிதறி அலறியபோது கிளம்பப் பார்த்த ஜீப், நெல்லைக் கண்டல்லவா நின்றது!

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ரத்னா கட்டையை ஊன்றிக்கொண்டு புதுப் பாதைக்கு வந்தாள். பங்குனிக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போவது அதுதான் முதல் தடவை. பாதையை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரகதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்னிக்கி கேரியர்ல ஒரு மூட்ட நெல்லு வெச்சிகினு போயிருக்கணும் பெரிம்மா நானு."

மரகதத்தால் சிரிக்க முடியவில்லை. ரத்னாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் அவள் கூடவே நடந்தாள்.