ஏறி இறங்கிய குரல்

பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டை மகள் யூஷின் ஈரமாக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நேற்று வடகோடி ஹார்பினில் ரயிலேறிய அண்ணன் லிகுன், பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

வடக்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவனிடம் பதினோரு வருடமாக அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இனி நினைத்தாலும் முடியாது. பக்கவாதம் நாக்கையும் உதட்டையும் முடக்கிவிட்டது. இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பாவின் பார்வை மகன்மேல் நின்றது. தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுந்தது.

"திட்டறாரு இல்ல?" என்றான் லிகுன்.

"சும்மா இரு அண்ணா."

மறுபடி அதே ஒலி. மெய்யெழுத்து ஒன்றுகூட இல்லை. ஒருமுறை மேலேறியது, பின் இரண்டுமுறை தாழ்ந்தது.

யூஷினுக்குப் பல்கலைக்கழகத்தில் பழைய சீன உச்சரிப்பு கற்பிக்கும் வேலை. 'சாப்பிடு' என்பதற்கான சீனச் சொல்லின் கடைசியில் ஒரு காலத்தில் 'க்' இருந்தது. 'சோறு' என்பதன் கடைசியில் அதற்கும் வெகுகாலம் முன்பு 'ஸ்' இருந்ததாகக் கணிக்கிறார்கள். காலப்போக்கில் நாக்குகள் இரண்டையும் உதறிவிட்டன. உதறியும், அவற்றால் உண்டான ஏற்ற இறக்கம் குரலில் தங்கிவிட்டது. இந்தச் சாங்ஷா ஊர்க்காரர்கள் இன்றும் அதை வைத்தே சொற்களைப் பிரித்தறிகிறார்கள். வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியதுதான்.

சாப்பிடு, சோறு, இல்லையா. அவர்கள் பேச்சில் மூன்றே அசை: முதலாவது ஏறும், மற்ற இரண்டும் தாழும்.

"திட்டலை அண்ணா. சாப்பிட்டியான்னு கேக்கறாரு."

"உளறாதே. வெறும் முனகல்."

"வடக்கத்திப் பேச்சு கேட்டுக் கேட்டு உன் காது மந்தமாயிடுச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு."

மூன்றாவது முறை ஒலி மெலிந்து வந்தது. ஆனாலும் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது.

லிகுன் கட்டிலோரம் மண்டியிட்டான். "இல்லப்பா. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

அப்பாவின் புருவம் சுருங்கியது. கோபமேதான்.

கீழே ஓடிப்போய் மிளகாய் எண்ணெய் மிதக்கும் அரிசி நூடுல்ஸ் ஒரு கிண்ணம் வாங்கிவந்தாள் யூஷின். லிகுன் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டான். மூக்கு வியர்த்தது, கண்ணும் வழிந்தது. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தார். புருவம் மெல்லத் தளர்ந்தது.

அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த யூஷினின் விரல் ஒருகணம் நாடியைத் தேடியது. பிறகு தேடவில்லை.

லிகுன் குனிந்து நூடுல்ஸ் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தான். கிண்ணம் காலியாகட்டும் என்று அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.