எழில்மதி என்று யாரும் இல்லை

எழில்மதி என்று ஒருத்தி அந்த ஊரிலேயே கிடையாது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார் ஏட்டு கந்தசாமி.

ஐதராபாத் கம்பெனியில் அந்தப் போலீஸ் அறிக்கையை எழில்மதிக்குப் படித்துக் காட்டினார்கள். கடலில் போகும் போர்க்கப்பலை அடிக்கிற ஏவுகணை செய்யும் கம்பெனி அது. வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் ஆள் சேர்த்தார்கள். ஏவுகணையை உள்ளே வைத்து அனுப்பும் நீளக் குழாய்க்கு வெல்டிங் வைப்பது இவள் வேலை. ஒரு வருடப் பயிற்சி முடிந்துவிட்டது, நிரந்தரமாக வேண்டியதுதான் பாக்கி. பத்து நாளில் போலீஸ் அறிக்கை சரியாக வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு அந்த வேலை.

அடித்துப் பிடித்து ரயிலேறிச் சின்னசேலத்தில் இறங்கி, பஸ் மாறி, வெள்ளிமலை தாண்டி ஊருக்குள் நுழைந்தாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் முகத்தில் பெருமை வேறு!

"நாங்களா உன்னக் காட்டிக் குடுப்போம்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி. "அப்பிடி யாரும் கெடையாதுங்கன்னு அடிச்சி சொல்லிட்டோம்ல."

மலையில் அது பழக்கம். சாராய வேட்டைக்கு ஜீப் வந்த காலத்திலிருந்தே, காக்கிச் சட்டை ஒரு பெயரைக் கேட்டால் அந்தப் பெயரில் ஆளே கிடையாது. எதற்குக் கேட்கிறார்கள் என்று விசாரிக்கிற வழக்கமும் கிடையாது. அம்மா இருசம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், சுவரில் இருந்த மகளின் போட்டோவைக் கழற்றிச் சாமை மூட்டைக்குப் பின்னால் செருகியிருந்தாள்.

"பெத்த வாயால எப்பிடிம்மா இல்லன்ன?"

"கேஸுன்னு நெனச்சன்டி. இல்லன்னு சொன்னா நீ தப்பிச்சிக்குவன்னுதான்."

எழில்மதிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடினாள். "பெத்தவளே இல்லன்னா நான் இன்னாம்மா பண்றது?" என்று புலம்பிக்கொண்டே கந்தசாமி மறுபடி வந்தார். கேட்டதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடு என்று அம்மாவிடம் எழில்மதி காலையிலேயே பத்துத் தடவை சொல்லி வைத்திருந்தாள்.

இந்த முறை ஊர் வாயைத் திறந்தது. பெரியநாயகி எழில்மதி பிறந்த கிழமை வரைக்கும் சொன்னாள். ரேஷன் கார்டைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, கந்தசாமி திருப்தியாக எழுதி முடித்தார். பேனாவை மூடிவிட்டு, வரக்காப்பியைக் குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்.

"அந்த ராக்கெட்டு எத்தினி போவுதாம்? எந்தத் தேதியில அனுப்புறாங்களாம்?"

எழில்மதிக்குப் பகீரென்றது. எண்ணிக்கையையும் தேதியையும் போன மாதம்தான், பெருமை தாங்காமல், போனில் அம்மாவிடம் உளறியிருந்தாள். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டவள் அவள்.

"இரும்பு பத்த வெக்கிற வேலைங்க," என்றாள் இருசம்மாள். "வேற ஒண்ணும் தெரியாதுங்க."

ஏட்டு தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். ஜீப் சத்தம் அடங்கியதும் எழில்மதி மெல்லக் கேட்டாள்.

"நான் தேதி சொன்னது ஞாபகம் இல்லியாம்மா?"

"நீ எங்கடி சொன்ன?" என்றாள் இருசம்மாள். "எவன் வந்து கேட்டாலும் நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

எழில்மதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா போட்டோவை முந்தானையால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.